காயமும் தையலும்

கிழிந்த ஆடையைத் தைப்பவன் இடும் நூல் அவ்வாடை உள்ளளவும் அதனைப் பிணித்து நிற்றல் வேண்டும். நூல் அறுமாயின் ஆடை மீண்டுங் கிழியும். சத்திரசிகிச்சை வைத்தியர் உடலில் இடும் நூலோ அத்தன்மையதன்று. உடல் தன்னைத் தானே இணைத்துக்கொள்ளும் வரைக்கும் காயத்தின் இரு விளிம்புகளையும் அருகருகே நிறுத்தி வைப்பதே அதன் கடமையாகும். காயத்தை ஆற்றுவது உடலே. தையல் அதற்குத் துணை மாத்திரமே.

இவ்வுண்மையை உளங்கொள்ளாமையால் நம்மவர் இருவகைத் தவறுகளைச் செய்கின்றனர். தைத்தாலன்றிக் காயம் ஆறாது என்றெண்ணித் தைக்கத் தகாத காயத்தையும் உடனே தைக்கும்படி வைத்தியரை வற்புறுத்துவது ஒன்று. தையல் எடுத்ததும் காயம் முற்றாக ஆறிவிட்டதெனக் கருதிப் பாரந் தூக்கப் புறப்படுவது மற்றொன்று. இவை எவ்வாறு கேடு விளைக்கின்றன என்பதையும், தைக்கும் முறை காயம் ஆறுதலை எவ்வாறு பாதிக்கின்றது என்பதையும் ஈண்டு ஆராய்வோம்.

காயம் ஆறும் விதம்

காயம் பட்டவுடன் குருதி உறைந்து அதன் வாயை அடைக்கின்றது. அடுத்த மூன்று நான்கு நாட்களில் சிவப்பும் வெப்பமும் வீக்கமும் நோவும் தோன்றும். இதனை அழற்சி என்பர். இஃது அளவோடிருக்குமாயின் நோயன்று. வெண்குருதிக் கலங்கள் கிருமிகளையும் இறந்த இழையங்களையும் அகற்றும் துப்புரவுப் பணியேயாம். இப்பணி முடியுந் தறுவாயிற் கட்டுமானப் பணி தொடங்குகின்றது. புதிய குருதி மயிர்க்குழாய்கள் அரும்புகின்றன. நாரை உண்டாக்கும் கலங்கள் கொலாசன் என்னும் புரதத்தை ஆக்கி இடைவெளியை நிரப்புகின்றன. ஏறக்குறைய மூன்று வாரம் வரை இது நிகழும். அதன் பின்னர், தாறுமாறாகக் கிடந்த நார்கள் ஒழுங்குபெற்று உரம் அடைகின்றன. இம்மூன்றாம் நிலை ஓராண்டு வரையும் நீடிக்கும்.

இங்கே கவனிக்கத்தக்கது யாதெனின், காயத்தின் மேற்பரப்பு மூடுதலும் காயம் வலிமை பெறுதலும் ஒன்றல்ல என்பதாம். நன்கு பொருத்தித் தைத்த காயத்தை மேற்றோற் கலங்கள் ஓரிரு நாட்களிலே மூடிவிடும். ஆயின் ஒரு வார முடிவில் அவ்விடத்துக்கு உள்ள வலிமை, காயமுறாத தோலின் வலிமையில் 10 வீதத்துக்கும் குறைவே. மூன்று வாரத்தில் 20 முதல் 30 வீதம் வரையும், மூன்று மாதத்தில் 70 முதல் 80 வீதம் வரையும் அது உயரும். முழு வலிமையை அது ஒருபோதும் எய்துவதில்லை. புறத்தே பார்ப்பவர்க்கு ஆறிய காயம். அகத்தேயோ இன்னும் கட்டிமுடியாத சுவர்.

நூலும் ஓர் அந்நியப் பொருளே

உடலினுள் இடும் நூல் எத்துணைத் தூய்மையானதாயினும் உடலுக்கு அந்நியமானதே. எலெக், கொனென் என்னும் ஆய்வாளர் இருவர் 1957 ஆம் ஆண்டிலே இதனை மனிதத் தோலில் ஆராய்ந்து காட்டினர். தோலிற் சீழ் உண்டாதற்குப் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட ஸ்ரபிலோகொக்கசுக் கிருமிகள் வேண்டியிருந்தன. பட்டு நூல் ஒன்று அவ்விடத்தில் இருந்தபோதோ சில நூறு கிருமிகளே போதியனவாயின. ஆகவே, வேண்டியதற்கு மேல் இடும் ஒவ்வொரு தையலும், வேண்டியதினும் தடித்த ஒவ்வொரு நூலும் கிருமிகளுக்குத் துணைபோவனவாம்.

நூலாற் கிருமி புகாவண்ணங் காக்கும் வழியைத் தேடியவருள் முதன்மையானவர் யோசப் லிஸ்ரர். காபோலிக் அமிலத்தாற் கிருமிகளை ஒடுக்கும் முறையை அவர் 1867 இல் வெளியிட்டார். பின்னர் அவ்வமிலத்திற் பதப்படுத்திய குடல்நூலையும் வழக்கிற் கொணர்ந்தார். 1847 இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயிலே தமிழில் மருத்துவம் போதித்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், சத்திரசிகிச்சை பற்றிய ‘இரணவைத்தியம்’ என்னுந் தமிழ் நூலை வெளியிட்டதும் அதே 1867 ஆம் ஆண்டிலாகும். அக்கலை புதுப்பிறவி எடுத்த ஆண்டிலேயே அது தமிழிலும் எம் மண்ணிற் கற்கப்பட்டது என்பது நாம் மறக்கத் தகாத செய்தி.

குடல்நூலை உடல் தன் நொதியங்களாற் சிதைக்கின்றது. அதனால் அழற்சி மிகுகின்றது. நூலின் வலிமையும் ஏறக்குறைய ஒரு வாரத்திற் பெரிதுங் குன்றிவிடுகின்றது. 1970 ஆம் ஆண்டளவிலிருந்து வழக்குக்கு வந்த பொலிகிளைக்கோலிக் அமிலம் முதலிய செயற்கை நூல்கள் உடலிலுள்ள நீராலேயே மெல்லச் சிதைவுறுவன. ஆதலின் அழற்சி குறைவு. பொலிடயொக்சனோன் என்னும் நூல் நான்கு வாரத்தின் பின்னும் ஏறத்தாழப் பாதி வலிமையுடன் நிற்கும். முற்றாகக் கரைய ஆறு மாதம் வரை செல்லும். வயிற்றுச் சுவர் போன்று மெல்ல ஆறும் இடங்களுக்கு இத்தகைய நூலே ஏற்றது. மேலும், பல இழைகளைப் பின்னிய நூலின் இடுக்குகளிற் கிருமிகள் ஒளிந்துகொள்ளும். நைலோன் போன்ற ஒற்றையிழை நூலில் அதற்கு இடமில்லை. ஆயின் ஒற்றையிழை நூலின் முடிச்சு எளிதில் வழுவுமாதலின் கூடுதலான முடிச்சுக்கள் இடல் வேண்டும்.

மிகத் தூரமும் மிகக் கிட்டவும்

நூலினும் முக்கியமானது அதனை இடும் முறை. சுசுருத சங்கிதையின் சூத்திரத்தானத்திற் கூறப்படும் எண்வகைச் சத்திரத் தொழில்களுள் இறுதியாக வைக்கப்பட்டது தைத்தலாகும். நால்வகைத் தையல்களையும், இடத்திற்கேற்ற நேரூசி, வளைவூசிகளையும் கூறும் அந்நூல், ஊசியைக் காயத்தின் விளிம்பிலிருந்து மிகத் தூரத்திலும் மிகக் கிட்டவும் செலுத்தலாகாது என விதிக்கின்றது. தூரத்திற் செலுத்தின் விளிம்பில் நோவு உண்டாம்; கிட்டச் செலுத்தின் தையல் பிய்ந்துவிடும் என்பது அதன் கருத்து.

இக்கேள்வியை எம் காலத்து ஆய்வாளரும் அளந்து பார்த்தனர். வயிற்றின் நடுவே வெட்டித் திறந்து மூடும் சத்திரசிகிச்சையின் பின்னர், மூடிய படலம் உள்ளே விலகி அவ்வழியாற் குடல் பிதுங்குவதுண்டு. விளிம்பிலிருந்து ஒரு சென்ரிமீற்றருக்குக் குறையாமல் எடுத்துத் தைத்தலே பாதுகாப்பானது என நெடுங்காலம் நம்பப்பட்டது. 2009 இல் வெளிவந்த சுவீடன் நாட்டு ஆய்வு இதனை மறுத்தது. பெருந்தையல் இட்டோரில் 18 வீதத்தினருக்கும், விளிம்பிலிருந்து 5 முதல் 8 மில்லிமீற்றரில் எடுத்த சிறுதையல் இட்டோரில் 5.6 வீதத்தினருக்கும் அக்குடலிறக்கம் உண்டாயிற்று. கிருமித்தொற்றும் 10.2 வீதத்திலிருந்து 5.2 வீதமாயிற்று. 2015 இல் நெதர்லாந்தில் 560 நோயாளரை ஆராய்ந்து வெளியிட்ட முடிவும் இதனோடு உடன்பட்டது: ஓராண்டின் பின் பெருந்தையலில் 21 வீதம், 5 மில்லிமீற்றர்ச் சிறுதையலில் 13 வீதம்.

இதன் காரணம் என்ன? பெருந்தையல் உரமான படலத்தோடு மென்மையான கொழுப்பையும் தசையையும் சேர்த்து நெரிக்கின்றது. நெரிபட்ட இழையத்துக்குக் குருதி செல்லாமையால் அது மடிகின்றது, மடிந்த இடத்திற் கிருமி வளர்கின்றது, நூல் தளர்கின்றது, விளிம்புகள் விலகுகின்றன. அன்றியும், சத்திரசிகிச்சையின் பின் வயிறு பொருமும்போது வெட்டும் நீளும். நூலில் அதற்குரிய நீளம் இல்லையேல் அது இழையத்தை அறுக்கும். இது நோக்கியே, செலவாகும் நூல் வெட்டின் நீளத்தினும் நான்கு மடங்குக்குக் குறையலாகாது என்ற விதியை 1976 இல் ஜெங்கின்ஸ் என்பார் நிறுவினார். இறுக்கிக் கட்டுதல் உறுதிக்கு வழியன்று. அணைத்து வைத்தல் வேண்டும், நெரித்தலாகாது.

தோலிலே தனித்தனித் தையல் இடுவதில் ஒரு நன்மையுண்டு. ஓரிடத்திற் சீழ் பிடித்தால் அத்தையலை மாத்திரம் நீக்கிவிடலாம். தொடர்தையல் விரைவானது, இழுவிசையைச் சீராகப் பகிர்வது, ஆயின் ஓரிடத்தில் அறுந்தால் முழுவதும் தளரும். தோலின் உள்ளே ஓடும் தையல் வெளியே தழும்புப் புள்ளிகளை விடாது. வெளித்தையலை நெடுநாள் விட்டுவைத்தால் ஊசித் துளைகளின் வழியே மேற்றோல் உள்ளே வளர்ந்து நிலையான வடுக்களை உண்டாக்கும். ஆதலாற்றான் குருதியோட்டம் மிக்க முகத்தில் ஐந்து நாளளவிலும், கை கால்களிற் பத்து முதல் பதினான்கு நாளளவிலும் தையலை எடுக்கின்றனர்.

தையாமையும் சிகிச்சையே

மண்ணும் சாணமும் கலந்த காயம், நாய் கடித்த காயம், நெடுநேரந் திறந்து கிடந்த காயம் ஆகியவற்றை உடனே தைத்து மூடுவது திருடனை உள்ளே விட்டுக் கதவைச் சாத்துவதை ஒக்கும். 1914 முதல் 1918 வரை நடந்த முதலாம் உலகப் போரிலே, உழுத வயல்களின் சேறு படிந்த காயங்களை உடனே தைத்தமையால் எத்தனையோ வீரர் அழுகற் கிருமிகளுக்கு இரையாயினர். இறந்த இழையத்தை வெட்டி அகற்றி, காயத்தைத் திறந்தபடியே வைத்து, தூய்மையான பின் தைக்கும் முறை அப்போர்க்களங்களில் உறுதிப்பட்டது. இன்றும் இத்தகைய காயங்களை நான்கைந்து நாட்கள் கழித்துத் தைப்பதுண்டு. ஆதலின், கழுவிக் கட்டி, ஏற்புவலித் தடுப்பூசி போட்டு, தையலுக்குப் பின்னர் வருக என்று வைத்தியர் கூறின், அவர் அசட்டை செய்தார் எனக் குறைகூறற்க.

தையல் எடுத்த பின்னர் நாம் ஆற்ற வேண்டிய கடமைகளும் உள. வயிற்றுச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர் வைத்தியர் குறித்த காலம் வரையும் பாரந் தூக்கலாகாது. நீரிழிவுடையோர் குருதியிற் சீனியைக் கட்டுப்பாட்டில் வைத்தல் வேண்டும். புகைத்தல் இழையங்களுக்குச் செல்லும் ஒட்சிசனைக் குறைத்தலின் அதனை விடுதல் வேண்டும். கொலாசன் ஆக்கத்துக்குப் புரதமும் உயிர்ச்சத்து சீயும் இன்றியமையாதன. ஆதலாற் காயக்காரனுக்கு மீனும் முட்டையும் பருப்பும் பழமும் ஆகாவெனப் பத்தியம் விதிப்பது, சுவர் எழுப்புபவனுக்குக் கல்லையும் சாந்தையும் மறுப்பதாகும்.

மாணவர்களே! உங்களுட் சிலர் நாளை ஊசியும் நூலும் கையிலேந்துவீர்கள். விரைவாகத் தைப்பவனும் இறுக்கித் தைப்பவனும் சிறந்த வைத்தியராகார். உடல் தன் பணியைத் தடையின்றிச் செய்யுமாறு தைத்து, அதன் பின் பொறுத்திருக்கத் தெரிந்தவரே சிறந்த வைத்தியர். ஏனையோர், அவ்வாறு பொறுத்திருக்கத் தெரிந்த நோயாளராயிருப்பின், அவரது பணியிற் பாதியை நீங்களே செய்துவிட்டீர்கள் என்க.