அரசவால் ஈபிடிப்பானைப் பார்க்கப் போகும் பிள்ளைகளுக்கு

1. வெள்ளை வாலை மட்டும் தேடாதீர்கள். கருந்தலையும் வெண்ணுடலுமாக நாடாபோல் வால் தொங்கும் ஆணைத்தான் எல்லாப் படங்களிலும் காட்டுகிறார்கள். ஆற்றங்கரையில் உங்கள் கண்ணில் அதிகம் படப்போவது செம்பழுப்பு முதுகும் குட்டை வாலும் உள்ள பறவை. வேறு ஏதோ குருவி என்று அதை விட்டுவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது.

2. முதலில் தலையைப் பாருங்கள். கறுப்புத் தலை, சிறு கொண்டை, கண்ணைச் சுற்றி நீல வளையம். அடுத்தது தொண்டை. வால் குட்டையாக இருந்து தொண்டை சாம்பலாக இருந்தால் பெரும்பாலும் பெண். கறுப்பாக இருந்தால் இளம் ஆண். அதற்கு வால் நீள இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். நடு இறகுகள் இரண்டும் 30 செ.மீ. வரை வளரும், உடலோ சுமார் 20 செ.மீ.தான். வளர்ந்த ஆண்களிலும் செம்பழுப்பு, வெள்ளை என இரு நிறம் உண்டு. இலங்கையிலேயே தங்கி வாழும் துணையினத்தில் ஆண் வெள்ளையாவதே இல்லை. அங்கே பனிக்காலத்தில் வெள்ளை ஆண் தென்பட்டால், அது இந்தியாவிலிருந்து வலசை வந்தது.

3. நம் சமவெளிக்கு இது பெரும்பாலும் வலசை விருந்தாளி. அக்டோபர் முதல் மார்ச் வரை போங்கள். காவிரி, பவானி, மோயாறு கரைகளில் நீர்மருதும் மூங்கிலும் நிழல் அடர்ந்த இடமே இதற்குப் பிடிக்கும்.

4. குரல் கரகரப்பாக, வெடுக்கென்று வரும். இனிய பாட்டு இனப்பெருக்கக் காலத்தில்தான்.

5. துரத்தாதீர்கள், உட்காருங்கள். கிளையில் நிமிர்ந்து அமர்ந்திருக்கும். பறக்கும் பூச்சியைப் பாய்ந்து பிடித்துவிட்டு மறுபடி நிழலுக்குள் போய்விடும். குளிப்பதும் அப்படித்தான்: கிளையிலிருந்து நேரே தண்ணீரில் பாய்ந்து, நனைந்து, மேலே ஏறிக்கொள்ளும். தேங்கிய நீருக்கு எதிரே பொறுமையாக இருந்தால், நடந்து தேடுவதைவிட நன்றாகப் பார்க்கலாம்.

6. கோடையில் மலையடிவாரக் காடுகளுக்குப் போகிறவர்கள் கவனியுங்கள். மெல்லிய கிளைக் கவட்டில் சிலந்தி நூலால் இறுக்கிய சிறு கிண்ணம்தான் கூடு. ஆணும் அடைகாக்கும், நீண்ட வால் வெளியே தொங்கும். அழகான காட்சிதான், ஆனாலும் அருகே போகாதீர்கள். செல்போனில் அதன் குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்க வேண்டாம். மறைக்கிற இலைகளை ஒதுக்கவும் வேண்டாம். அந்த நிழல்தான் குஞ்சுகளை வெயிலிலிருந்தும் காகத்திடமிருந்தும் காக்கிறது. தேதியையும் தொண்டை நிறத்தையும் குறித்துக்கொண்டு திரும்பிவிடுங்கள்.