ஓட்டோ கியர் பொக்ஸுக்குள் எல்.எஸ்.டி: வீரமுனைத் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

ஹொண்டா சிவிக் ஓட்டோ ஒன்றுக்கு எல்.எஸ்.டி போட்டுத் தரச்சொல்லி ஒருவர் காசோடு வந்து நிற்கிறார், போடலாமா என்று கேட்டிருந்தாய். போடலாம். ஆனால் கியர் பொக்ஸை இறக்க முதல் அவரிடம் கேள்: இது எதற்கு?

நீ எழுதியதைப் பார்த்தால், மாரியில் வட்டைப் பாதையில் ஒரு முன்சில்லு சேற்றில் வீணாகச் சுற்ற, மற்றது அசையாமல் நிற்பதுதான் அவருடைய தொல்லை. சாதாரண டிபரன்சல் இரண்டு பக்கத்துக்கும் ஒரே முறுக்கைத்தான் கொடுக்கும். வழுக்குகிற சில்லு எவ்வளவு தாங்குமோ, காய்ந்த தரையில் நிற்கிற சில்லுக்கும் அவ்வளவுதான் போகும். அதை மாற்றத்தான் எல்.எஸ்.டி, அதாவது நழுவலை மட்டுப்படுத்தும் டிபரன்சல். தட்டு வகையில் கிளச் தட்டுகள் உரசி இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடிக்கும். கியர் வகையில் பாரம் ஏற ஏறச் சின்னக் கியர்கள் உறைச்சுவரில் அழுந்தி நழுவலைக் குறைக்கும். 1958இல் வெர்னன் கிளீஸ்மன் காப்புரிமை எடுத்த டோர்சன் இந்த இனம்தான்.

ஹைஏஸ் வேன் என்றால் நான் யோசிக்க மாட்டேன். பின் அச்சில் தனிக் கோப்பை, தனி ஒயில். தட்டு வகையைப் போட்டு எல்.எஸ்.டிக்கு உரிய ஒயிலை ஊற்றலாம். சிவிக்கில் டிபரன்சல் கியர் பொக்ஸ் உறைக்குள்ளேயே இருக்கிறது, இரண்டுக்கும் ஒரே ஒயில், ஏ.டி.எஃப். தட்டு உரசினால் தூள் விழும். அந்தத் தூள் ஏ.டி.எஃபோடு சுற்றி வால்வ் பொடிக்கும் சொலனொயிட்டுக்கும் போகும். அதனால் ஓட்டோவுக்குள் கியர் வகை மட்டும்தான் போடவேண்டும். கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் யாராவது மலிவாகத் தட்டு வகை தந்தாலும் வாங்காதே. 2020 மார்ச்சில் நாட்டுக்குள் வாகன இறக்குமதி நின்று, 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்கு மறுபடி வழி திறந்தது. அந்த இடைவெளியில் பழைய காரை ஓடவைத்தது உன்னைப் போன்ற பிள்ளைகளின் கைதான். நல்ல கியர் பொக்ஸ் ஒன்றை நாமே கெடுக்கக் கூடாது.

கியர் வகைக்கும் ஒரு குறை உண்டு, காசு வாங்க முதல் அவரிடம் சொல்லிவிடு. வழுக்குகிற சில்லு தாங்குவதைப் போல இரண்டு, இரண்டரை மடங்கை அது மற்றச் சில்லுக்குக் கொடுக்கும். ஒரு சில்லு பள்ளத்தில் அந்தரத்தில் தொங்கினால் அது தாங்குவது ஏறக்குறையப் பூச்சியம். பூச்சியத்தை எத்தனை மடங்காக்கினாலும் பூச்சியம்தான். அப்போது கால் பிரேக்கை மெல்ல மிதித்துக்கொண்டு அக்சிலேட்டரைக் கொடுத்தால் சுற்றுகிற சில்லுக்குப் பாரம் ஏறி மற்றதும் இழுக்கும். கொஞ்ச நேரத்துக்கு மட்டும். நீட்டினால் டோர்க் கொன்வேட்டர் சூடாகும். கைப்பிரேக் பின்சில்லைத்தான் பிடிக்கும், அதனால் அங்கே பயனில்லை. என்னைக் கேட்டால் அவருக்கு முதலில் வேண்டியது நல்ல பூவுள்ள முன்டயர் இரண்டு. இதையெல்லாம் கேட்ட பிறகும் வேண்டும் என்றால் வேலையை எடு.

மனுவலுக்கு வந்த எல்.எஸ்.டி ஓட்டோவுக்கும் பொருந்தும் என்று நம்பாதே. அச்சுத்தண்டின் ஸ்ப்லைன் பற்களை எண்ணு, பெயரிங் உட்காரும் இடத்தை மைக்ரோமீற்றரில் அள, பெரிய கியரின் போல்ட் வட்டத்தை ஒப்பிட்டுப் பார். அந்தக் கியரைக் கழற்றும்போது கவனம்: ஹொண்டாவில் பெரும்பாலும் அந்தப் போல்டுகளுக்கு இடப்புரி. வழக்கம்போல் இடப்பக்கம் திருப்பி இறுகுகிறதே என்று பைப் போட்டு அழுத்தினால் தலை முறிந்து கையோடு வரும். பூட்டும்போது ஒன்றுக்கு எதிர் ஒன்றாக, டோர்க் ரென்ச்சில், இரண்டு மூன்று சுற்றாக இறுக்கு.

பெயரிங்கின் முன்னிறுக்கம்தான் இந்த வேலையின் உயிர். புது உறை பழையதைவிட ஒரு மயிரளவு கூடிக் குறைந்தாலும் பழைய சிம் தகடு சரிவராது. கேஸை மூடி, போல்ட் எல்லாம் இறுக்கி, கையால் இரண்டு பக்கமும் பல சுற்றுச் சுற்றி பெயரிங்கை உட்காரவிட்டு, பிறகு சுற்றுவதற்கு எவ்வளவு முறுக்கு வேண்டியிருக்கிறது என்று அள. அந்தக் கியர் பொக்ஸின் சேவிஸ் புத்தகத்தில் உள்ள எண்ணுக்குள் வரும்வரை சிம்மை மாற்று. மறுபடி கழற்றப் பஞ்சிப்படாதே. தளர்ந்திருந்தால் ஊளையிடும், இறுகியிருந்தால் பெயரிங் எரியும்.

சோதிக்கும்போது இரண்டு முன்சில்லையும் தூக்கி ஸ்டாண்டில் வை. ஒன்றை மட்டும் தூக்கி கியரில் போட்டால் தரையில் நிற்கிற சில்லு இழுக்கும், கார் ஜாக்கை விட்டுப் பாய்ந்துவிடும். பிறகு ஒரு வெறும் காணியில் இரண்டு பக்கமும் வட்டமடித்துப் பார். முடிந்ததும் ஏ.டி.எஃபை வடித்து ஒயில் வடிக்கும் போல்டின் காந்தத்தைத் துடைத்துப் பார். மெல்லிய சாம்பல் பசை இருந்தால் பயமில்லை, துகள் இருந்தால் திறக்கவேண்டும்.

முன்னிறுக்கத்துக்கு உனக்கு வந்த எண்ணையும் போட்ட சிம்மின் தடிப்பையும் எழுதி அனுப்பு. கடைசியாக மூட முதல் ஒருக்காப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
கல்முனையிலிருந்து உன் காக்கா