ஒரே வளவில் பல உயிர்கள்: மிருகக்காட்சிச்சாலை கற்றுத்தரும் பாடம்

இடம்பெயர்ந்து வந்து புதிய காணியில் குடியேறும் குடும்பம் முதலில் கூரையைப் பற்றி யோசிக்கிறது. அடுத்ததாக ஒரு பசு, இரண்டு ஆடு, நாலைந்து கோழி என்று சிறுகச் சிறுகச் சேர்க்கிறது. எல்கடுவ போன்ற மலைச்சரிவு ஊர்களில் சமதரை கிடைப்பது அரிது. ஆகவே கிடைத்த மூலையில் எல்லாவற்றையும் ஒரே கொட்டிலில் அடைத்துவிடுகிறோம்.

பெரிய பட்டி வைத்திருந்த காலத்தில் ஒரு ஆடு செத்தால் தாங்கிக்கொள்ளலாம். இருப்பதே இரண்டு ஆடு என்றால் ஒன்று செத்ததும் பாதிச் சொத்து போய்விடும். எனவே எதை எதனோடு சேர்த்து வளர்க்கலாம், எதைப் பிரிக்க வேண்டும் என்று தெரிந்திருப்பது அவசியம். இதை நீண்ட காலமாகச் செய்து பார்த்தவர்கள் மிருகக்காட்சிச்சாலைகளை நடத்துவோர்.

கண்ணுக்குத் தெரியாத அகழி

தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையை நம்மில் பலர் பார்த்திருப்போம். அதற்கு அடித்தளம் இட்டவர் 1920களில் அங்கு விலங்குகளைச் சேர்த்து வைத்திருந்த ஜோன் ஹாகன்பெக் என்ற ஜேர்மானியர். 1936இல் அரசு அதனைப் பொறுப்பேற்றது. அவருடைய சகோதரர் கார்ல் ஹாகன்பெக் 1907இல் ஹம்பர்க் நகருக்கு அருகே ஒரு புதுவித மிருகக்காட்சிச்சாலையைத் திறந்தார். அங்கே நீர்ப்பறவைகள், அவற்றின் பின்னால் புல்மேயும் விலங்குகள், அதற்கும் பின்னால் சிங்கங்கள் என எல்லாம் ஒரே வெளியில் நிற்பதுபோலத் தோன்றும். உண்மையில், பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாதபடி இடையில் அகழிகள் வெட்டப்பட்டிருந்தன.

எமது நாட்டில் 2016இல் திறக்கப்பட்ட ரிதியகம சபாரி பூங்காவிலும் சிங்கத்துக்குத் தனி வேலி உண்டு. சேரக் கூடியவற்றைச் சேர்த்து, சேரக் கூடாதவற்றுக்கு நடுவே அகழி வைப்பதே இதன் இரகசியம். எமது வளவிலும் அந்த அகழியை நாம் வைக்கலாம். அதற்கு மண்வெட்டி வேண்டியதில்லை; ஒழுங்குமுறை போதும்.

வாய் வேறானால் சண்டை இல்லை

மிருகக்காட்சிச்சாலைகளில் ஒட்டகச்சிவிங்கியையும் வரிக்குதிரையையும் ஒரே வெளியில் விடுவது வழக்கம். ஒன்று மரத்தின் இலையைத் தின்கிறது. மற்றது தரையின் புல்லை மேய்கிறது. பசுவும் ஆடும் அப்படியே. பசு புல்லை நாடும். ஆடு பலா இலை, கிளிரிசிடியா, முள்முருக்கு போன்ற குழைகளை விரும்பும். ஆகவே பகலில் இரண்டையும் ஒரே இடத்தில் மேய விடலாம். ஆனால் தீனித்தொட்டி தனித்தனியாக இருக்க வேண்டும். ஒரே தொட்டி என்றால் பலமுள்ளது தின்னும், மெலிந்தது மேலும் மெலியும்.

குறிப்பாகக் கோழித்தீனை ஆட்டுக்கு எட்டாமல் வையுங்கள். அதில் அரைத்த தானியம் அதிகம். ஆடு அதை ஒரேயடியாக நிறையத் தின்றால் வயிற்றில் புளிப்பு ஏறிச் சாகவும் கூடும்.

ஒன்றின் விருந்தாளி, மற்றதன் எமன்

ஒரு விலங்கு நோய்க் கிருமியைச் சுமந்துகொண்டே நலமாக இருக்கும். அதே கிருமி பக்கத்தில் நிற்பதைக் கொன்றுவிடும். ஆபிரிக்காவில் வில்டபீஸ்ட் என்னும் பெரிய மான் இனம் உண்டு. அது சுமக்கும் ஒரு வைரஸ் அதற்குத் தீங்கு செய்வதில்லை. மாட்டுக்குத் தொற்றினால் மாடு பெரும்பாலும் பிழைப்பதில்லை. இதை அனுபவத்தில் அறிந்த மாசாய் இடையர்கள், வில்டபீஸ்ட் கன்று ஈனும் காலத்தில் அந்தப் புல்வெளிகளுக்குத் தம் மாடுகளைக் கொண்டுபோவதில்லை.

இலங்கையிலும் இத்தகைய ஒன்று உண்டு. செற்றேரியா என்னும் மெல்லிய புழு மாட்டின் வயிற்றறையில் பெரிய கெடுதி செய்யாமல் வாழும். மாட்டைக் கடித்த நுளம்பு ஆட்டைக் கடிக்கும்போது, அதன் இளம்புழு ஆட்டின் உடலில் புகுந்து, வழிதவறி முதுகுத்தண்டையும் மூளையையும் அடையும். ஆட்டின் பின்னங்கால்கள் தளரும், நடை தள்ளாடும், பின் எழும்ப முடியாமல் போகும். பலர் இதை அடிபட்டதாக எண்ணி எண்ணெய் பூசிக்கொண்டிருப்பர். பின்னங்கால் இழுபடுவதைக் கண்ட அன்றே மிருக வைத்திய அதிகாரியிடம் சொல்லுங்கள். பிந்தினால் மருந்து பலன் தராது.

கோழிக்கும் வான்கோழிக்கும் இதே கதைதான். கோழியின் குடற்புழு முட்டைகளோடு வரும் கிருமி கோழியை அவ்வளவாகப் பாதிக்காது; வான்கோழிக்குக் 'கருந்தலை' நோயைக் கொடுத்துக் கொல்லும். ஆகையால் கோழி திரிந்த மண்ணில் வான்கோழி வளர்க்க வேண்டாம். தாராவைக் கோழிக்கூட்டுக்குள் அடைப்பதும் நல்லதல்ல. தாரா சிந்தும் நீரால் தரை ஈரமாகி, கோழிக்குஞ்சுகளுக்கு இரத்தக் கழிச்சல் நோய் வர வழியாகும்.

நாம் செய்யக்கூடியவை

1. பகலில் கூட்டாக மேய்ந்தாலும் இரவில் தனித்தனியே அடையுங்கள். ஆட்டுக்குத் தரையிலிருந்து உயர்ந்த பரண் கொட்டில் நல்லது. அதை மாட்டுக் கொட்டிலிலிருந்து இயன்றவரை தள்ளி அமையுங்கள்.

2. சரிவான காணியில் கழிவுநீர் கீழ்நோக்கி ஓடும். மாட்டுக் கொட்டிலின் நீர் ஆட்டையோ கோழியையோ கிணற்றையோ சேராதபடி கான் வெட்டுங்கள். நீர் தேங்காவிட்டால் நுளம்பும் குறையும்.

3. கோழிகள் தீனித்தொட்டியின் மேல் அடைய விடாதீர்கள். எச்சம் தீனியில் விழுந்தால் நோய் பரவும்.

4. சிறியவை தப்பியோட வழி வையுங்கள். ஆட்டுக்குட்டி நுழையக்கூடிய, பசு நுழைய முடியாத இடைவெளி உள்ள தடுப்பு ஒன்று போதும். மிருகக்காட்சிச்சாலைகளிலும் இதே முறைதான்.

5. கன்றோ குட்டியோ ஈன்ற தாயையும், முட்டும் கிடாயையும் பிரித்து வையுங்கள்.

6. வாங்கி வந்ததோ உதவியாகக் கிடைத்ததோ, புதிய உயிரை உடனே கூட்டத்தில் சேர்க்காதீர்கள். மிருகக்காட்சிச்சாலைகளில் ஏறக்குறைய ஒரு மாதம் தனியே வைத்துப் பார்ப்பார்கள். நாமும் அப்படியே செய்து, பிறகு சில நாட்கள் வேலிக்கு இருபுறமும் நிறுத்திப் பழக்கி, அதன் பின் சேர்ப்போம்.

இவற்றுக்குச் சீமெந்தும் தகரமும் வேண்டியதில்லை. காட்டுக்கம்பு, மூங்கில், கொஞ்சம் உழைப்பு இருந்தால் போதும். ஒரே வளவில் வாழலாம். ஆனால் உண்ண ஓர் இடமும், ஒதுங்க ஓர் இடமும், உறங்க ஓர் இடமும் ஒவ்வொன்றுக்கும் தனியே வேண்டும்.

குழுவாகக் கலந்துரையாட

1. எமது வளவில் எந்தெந்த உயிர்கள் இரவில் ஒன்றாக அடைக்கப்படுகின்றன? எதை முதலில் பிரிக்கலாம்?

2. கடந்த வருடம் எமது ஊரில் ஆடுகள் பின்னங்கால் தளர்ந்து விழுந்தனவா? அப்போது யாரிடம் அறிவித்தோம்?

3. தனிக் கொட்டில் கட்ட இடமில்லாத அயலவருக்கு, நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து பொது ஆட்டுப்பரண் ஒன்று அமைக்க முடியுமா?