கடலடியில் மூச்சை அடக்கலாகாது

விடுமுறை நாள்களில் பேருந்து அமர்த்திக்கொண்டு, பினாங்குத் தீவின் பத்து பெரிங்கி, தெலுக் பஹாங் கடற்கரைகளுக்குக் குடும்பத்தோடு வந்து செல்வது தோட்ட மக்களுக்குப் பழக்கமானதே. அவர்தம் பிள்ளைகளுள் சிலர் கரையோரம் நீராடுவதோடு நில்லாமல், காற்று உருளையை முதுகில் சுமந்து கடலடிக்குச் செல்லும் முக்குளிப்பையும் பயில விழைகின்றனர். படகுத் துறையிலும் கடற்கரை விடுதிகளிலும் வேலை தேடும் இளைஞருக்கு இது பிழைப்புக்கும் உதவும். விருப்பம் நன்று. ஆனால் அறியாமையோடு கடலில் இறங்கினால் உயிருக்கே கேடு நேரும். இக்கட்டுரை பயிற்சிக்கு ஈடாகாது. பயிற்சிக்குச் செல்லுமுன் பிள்ளைகளும் பெற்றோரும் அறிந்திருக்க வேண்டிய சிலவற்றை மட்டும் இங்குக் கூறுவோம்.

முக்குளிப்பு நம்மவருக்குப் புதியதன்று. மன்னார் வளைகுடாவில் முத்தும் சங்கும் எடுத்த தமிழர், காலில் கல்லைக் கட்டி, மூச்சை அடக்கி, கடலடிக்குச் சென்றனர். ஆகவே, கடலுக்குள் செல்பவன் மூச்சை அடக்க வேண்டும் என்னும் எண்ணம் நம் மனத்தில் ஊறிக் கிடக்கிறது. காற்று உருளையோடு செல்பவனுக்கு அந்த எண்ணமே எமன். அவன் ஒரு நொடியும் மூச்சை அடக்கலாகாது. ஏன் என்பதைச் சற்று விரிவாகக் காண்போம்.

பால்மரத்தில் கட்டும் மங்கு ஒன்றைக் கவிழ்த்துப் பிடித்து, நீருக்குள் அமிழ்த்துவதாகக் கொள்வோம். உள்ளிருக்கும் காற்று வெளியேறாது. ஆனால் 10 மீட்டர் ஆழத்திற்குக் கொண்டு சென்றால், மங்கில் பாதிக்கு நீர் ஏறிவிடும். காற்று பாதியாகச் சுருங்கியிருக்கும். கரையில் நம்மை அழுத்துவது ஒரு மடங்கு காற்றழுத்தம். கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் இன்னொரு மடங்கு அழுத்தம் கூடுகிறது. முத்துக்குளிப்பவன் மேலே இழுத்த மூச்சு அடியில் சுருங்கும்; மேலே வந்ததும் பழைய அளவை அடையும். அதனால் அவனுடைய நுரையீரலுக்கு வெடிக்கும் அபாயம் இல்லை.

காற்று உருளையோடு செல்பவனின் நிலை வேறு. 1943ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டின் ஜாக் கூஸ்தோவும் எமில் கானியானும் உருவாக்கிய கருவியின் வழிவந்ததே இன்றைய ரெகுலேட்டர். அது அந்தந்த ஆழத்தின் அழுத்தத்திற்கு ஏற்பவே காற்றைத் தருகிறது. 10 மீட்டர் ஆழத்தில் 5 லிட்டர் காற்றை இழுத்து, அதை அடக்கியபடி மேலே வந்தால், அது 10 லிட்டராக விரியும். நுரையீரல் அதைத் தாங்குமா? கிழிந்துவிடும். காற்றுக்குமிழிகள் குருதியில் கலந்து மூளையை அடைந்தால் மரணமும் நேரலாம். ஒன்றரை மீட்டர் ஆழத்திலிருந்து எழும்போதுகூட இவ்வாறு நேர்வதுண்டு. 'ஆழம் குறைவுதானே' என்று எண்ணும் நீச்சல் குளத்திலேயே இதை நினைவில் கொள்ள வேண்டும்.

(உருளைக்குள் இருப்பது ஆக்சிஜன் என்று பலர் எண்ணுகின்றனர். தொடக்க நிலையினர் சுமப்பது நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றுதான். வடிகட்டி அழுத்தி நிரப்பியது.)

இறங்கும்போது செவி வலிக்கும். வலி வருமுன்னரே மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிச் செவியைச் சமப்படுத்த வேண்டும். முடியாவிட்டால் சற்று மேலேறி மீண்டும் முயலலாம். வலியைப் பொறுத்துக்கொண்டு இறங்கினால் செவிப்பறை கிழியும். சளி பிடித்த நாளில் இறங்கவே வேண்டாம். ஆஸ்துமா, இருதய நோய், வலிப்பு உள்ளோர் அதை மறைக்காமல் மருத்துவரிடம் கூறி, அவர் ஒப்புதல் பெற வேண்டும்.

ஏறும்போது நிமிடத்திற்கு 9 மீட்டருக்கு மேற்படாத வேகமே தக்கது. 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் தங்கி, பிறகு மேலே வரலாம். சோடா போத்தலைச் சட்டெனத் திறந்தால் நுரை பொங்குவதைக் கண்டிருப்பீர்கள். கடலடியில் உடலுக்குள் கரைந்த நைட்ரஜன், விரைந்து மேலேறினால் அவ்வாறே குமிழியாகப் பொங்கி மூட்டுகளையும் தண்டுவடத்தையும் தாக்கும்.

எங்கே இறங்குவது? பினாங்கின் வடகரை முதல் முக்குளிப்புக்கு ஏற்றதன்று என்பதே என் கருத்து. மூடா, பிறை ஆறுகள் கொணரும் வண்டலால் நீர் கலங்கியிருக்கும். நீட்டிய கையே தெரியாத நாள்களும் உண்டு. மேலே விசைப்படகுகள் ஓடும். அடியில் அறுந்த வலைகள் கிடக்கும். ஆகவே பயிற்சியை நீச்சல் குளத்தில் முடித்து, முதன்முதலாகக் கடலில் இறங்குவதைப் பூலாவ் பாயாரில் வைத்துக்கொள்வது மேல். லங்காவிக்குத் தெற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில், கெடா கடற்பகுதியில் உள்ள கடற்பூங்கா அது. படகில் சென்று சேர்ந்தபின், மணற்கரையிலிருந்து நடந்தே கடலில் இறங்கலாம். துடுப்பின் நுனி கறுத்த சிறு சுறாக்கள் முழங்காலளவு நீரிலேயே உலவும். சீண்டாதவரை அவை தீங்கு செய்வதில்லை. பவளத்தையோ சிப்பியையோ எடுப்பது சட்டப்படி குற்றம்.

கரையிலிருந்து இறங்குவோர் கால்துடுப்பை மணலில் மாட்டிக்கொண்டு முன்னோக்கி நடந்தால் இடறி விழுவர். இடுப்பளவு நீர் வந்தபின் துணைவரின் தோளைப் பற்றி மாட்டிக்கொள்வது எளிது. மணலில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்தபடி நடந்தால், புதைந்திருக்கும் திருக்கை மீன் விலகி ஓடும். நீரோட்டத்தை எதிர்த்துப் புறப்பட்டு, களைத்த வேளையில் அதன் போக்கிலேயே திரும்ப வேண்டும். இதைத் தலைகீழாகச் செய்வோரே கரை சேரத் தவிக்கின்றனர்.

துணைவர் இன்றி எவரும் இறங்கலாகாது. முத்துக்குளிப்பவனின் கயிற்றைப் படகில் பிடித்திருப்பவன் அவனுடைய மைத்துனனே என்று தமிழரிடையே ஒரு செய்தி வழங்குகிறது. உடன்பிறந்தாளின் வாழ்வு அக்கயிற்றில் தொங்குவதால் அவன் கண்ணயரமாட்டான் அல்லவா? துணைவரைத் தேர்கையில் இதை எண்ணிப் பாருங்கள். காற்றளவைத் தம்முடையதை மட்டுமன்றி மற்றவருடையதையும் கேட்டறிபவரே துணைவர். 12 லிட்டர் உருளையில் 200 மடங்கு அழுத்தத்தில் நிரப்பினால் 2,400 லிட்டர் காற்று இருக்கும். 10 மீட்டர் ஆழத்தில் அது மேலே செலவாவதைப் போல இரு மடங்கு விரைவில் தீரும். அழுத்தமானியில் முள் 50ஐ அடையுமுன் மேலே வந்துவிட வேண்டும்.

ஓபோர்-ஓபோர் என்னும் ஜெல்லிமீன்கள் நம் கரையோரங்களில் உண்டு. அவற்றுள் பெட்டி வடிவினது மிகக் கொடியது. நீரில் கண்ணுக்கும் தெரியாது. உடல் முழுதும் மூடிய ஆடையே காப்பு. கொட்டினால் தேய்க்கக் கூடாது. நன்னீரும் ஊற்றக் கூடாது. வினிகரை அரை நிமிடமேனும் தாராளமாக ஊற்றி, 999 எண்ணை அழையுங்கள்.

கடலிலிருந்து மீண்டபின் 18 மணி நேரம் விமானம் ஏறலாகாது. சுற்றுலா வருவோர் மறந்துவிடும் ஒன்று உண்டு: 833 மீட்டர் உயரமுள்ள பினாங்குக் கொடிமலைக்கும், கேமரன் மலைக்கும் இவ்விதி பொருந்தும். முக்குளித்த அன்றே மலை இரயிலில் ஏற வேண்டாம். கொடிமலையை முதல் நாளே பார்த்துவிடுங்கள். மூட்டு வலி, மரத்துப்போதல், தலைசுற்றல் தோன்றினால், 'அசதி' என்று படுத்து உறங்காமல் மருத்துவமனைக்குச் சென்று, கடலடிக்குச் சென்று வந்ததை முதலில் மருத்துவரிடம் கூறுங்கள். இதற்குரிய அழுத்த அறைச் சிகிச்சை, பேராக் மாநிலத்தின் லுமூட் கடற்படைத் தளத்தில் உள்ள இராணுவ மருத்துவமனையில் உண்டு.