முகப்பும் வெறுஞ்சுவரும்

அன்புள்ள மீனாவுக்கு,

சலமாங்காவில் ஆறு மாதம் படிக்கப் போகிறாய் என்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் கடிதத்தின் கடைசியில் நீ எழுதியிருந்த வரி என்னை விடவில்லை. அலங்காரம் என்றாலே கட்டடத்தின் குறையை மறைக்கும் பூச்சு என்று வகுப்பில் சொல்லித் தந்தார்களாம். உனக்கும் அது சரியென்றே படுகிறதாம். அந்த ஊர்ப் பல்கலைக்கழக முகப்பின் முன்னால் நிற்கும்வரை அந்த முடிவைத் தள்ளிவை.

1530-ஐ ஒட்டி எழுந்த முகப்பு அது. அந்தக் காலத்து ஸ்பானிய அலங்காரத்தைப் பிளாத்தெரெஸ்கோ என்பார்கள். வெள்ளித் தட்டார் வேலைப்பாடு என்று பொருள். கட்டடத்தின் எலும்பு பல இடங்களில் கோதிக்காகவே இருக்கும். மேலே படர்ந்த கொடிகளும் பதக்கங்களும், இடுப்புக்குக் கீழே இலையாகிப்போன மனித உருவங்களும் இத்தாலியிலிருந்து வந்தவை. ரோமில் மண்ணுக்கடியில் புதைந்திருந்த நீரோவின் மாளிகை 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெளிப்பட்டதும், அதன் சுவரோவியங்களைப் பார்த்து எழுந்த பாணி அச்சுப் படங்கள் வழியாக ஊர் ஊராகப் பரவியது. பழையதைக் கைவிடாமல் புதியதை அதன்மேல் ஏற்றிக்கொண்ட அந்தத் துணிச்சல் எனக்கு மிகவும் பிடிக்கும்.

அங்கே போனதும் முதலில் சிற்பங்களைப் பார்க்காதே. இரண்டு பக்கமும் உள்ள வெறுஞ்சுவரைப் பார். அத்தனை நுணுக்கமும் வாசலுக்கு மேலே ஒரே இடத்தில் திரண்டிருக்கும். மற்றதெல்லாம் மொட்டைக் கல். எங்கே நிறுத்துவது என்று தெரிந்தவன் செய்த வேலை அது. பிறகு அடுக்கடுக்காக மேலே போ. கீழே அரசி இசபெல்லாவும் அரசர் பெர்டினாண்டும் ஒரே செங்கோலைச் சேர்ந்து பிடித்திருக்கிறார்கள், நடுவில் ஐந்தாம் சார்லஸின் சின்னங்கள், உச்சியில் போப்பாண்டவர். மேலே போகப் போகச் செதுக்கலின் புடைப்பு கூடும். தரையில் நிற்பவர் கண்ணுக்கு எட்ட வேண்டுமே என்ற கணக்கு அது. பூச்சு வேலைக்காரனுக்கு இந்தக் கணக்கு எதற்கு?

கல்லையும் விசாரி. பக்கத்து வில்லமயோரில் வெட்டிய மணற்கல். வெட்டியெடுத்த புதிதில் மிருதுவாக உளிக்கு இணங்கும், காற்றுப்பட்டால் இறுகும். அதிலுள்ள இரும்புச் சத்தால் நாளடைவில் பொன்னிறமாகும். இந்தக் கல் இல்லையென்றால் இந்த நுணுக்கம் இல்லை.

வலப்பக்கத் தூணில் மண்டையோட்டின்மேல் ஒரு தவளை உட்கார்ந்திருக்கிறது. அதைக் கண்டுபிடித்தால் தேர்வில் தேறலாம் என்பது மாணவர் நம்பிக்கை. வருகிறவர்களில் பலர் தவளையைத் தேடி, கண்டதும் கிளம்பிவிடுகிறார்கள். நீ அப்படிச் செய்யாதே. நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்து ஒரு பதக்கத்தையாவது முழுசாக வரை. புகைப்படம் எடுப்பவருக்குத் தெரியாத பலதும் வரைகிறவள் கைக்குத் தெரியும்.

கொஞ்ச தூரத்தில் சிப்பி வீடு இருக்கிறது. வெறும் சுவரில் 300-க்கும் மேற்பட்ட கல் சிப்பிகள். அதையும் விடாதே.

இதெல்லாம் முடிந்தபின் மாட்ரிட் பக்கம் எஸ்கோரியலுக்குப் போ. 1563-இல் தொடங்கி 1584-இல் முடித்த அரண்மனை மடாலயம். கறாரான கருங்கல், அலங்காரம் அநேகமாக இல்லை. சலமாங்கா முகப்புக்குப் பிறகு ஒரு தலைமுறைக்குள் ஸ்பெயின் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. அதுவும் உயர்ந்த கட்டடம்தான். உன் ஆசிரியர்களுக்கு எது பிடிக்கும் என்று தெரியும். உனக்கு எது பிடித்தது, ஏன் என்று எழுது. வரைந்த பக்கங்களையும் சேர்த்து அனுப்பு.

அன்புடன்,
மாமா