பூட்டிய கதவுக்குள் கதை எழுதப் போகிறவர்களுக்கு

சினிமாவுக்கு வரும் தம்பி, தங்கைகள் பலர் முதல் கதையாகக் கொண்டுவருவது இதுதான்: ஒரு வங்கி, அல்லது விமானம், அல்லது பேருந்து. உள்ளே பத்துப் பதினைந்து பேர், துப்பாக்கியோடு ஒருவன், வெளியே போலீஸ். ஒரே லொகேஷன் என்பதால் தயாரிப்பாளருக்கும் பிடித்துப்போகிறது. ஆனால் எழுதுவதற்கு இதைவிடக் கடினமான வகை குறைவு. பாட்டுக்கு வெளியூர் போக முடியாது. கதை தொய்ந்தால் வேறு இடத்துக்குத் தாவ முடியாது. இரண்டு மணி நேரமும் கதவு பூட்டியே இருக்கும். பார்ப்பவர் மட்டும் எழுந்து போய்விடக் கூடாது.

இந்த வகைப் படங்களை நெடுங்காலம் நேசித்துப் பார்த்தவன் என்ற உரிமையில் சிலவற்றைச் சொல்கிறேன். எல்லாம் ஓரிடத்தில்தான் வந்து சேரும். துப்பாக்கி யார் பக்கம் திரும்பினாலும், ‘ஐயோ, இவருக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே’ என்று பார்ப்பவர் மனம் பதற வேண்டும். மற்ற உத்திகளெல்லாம் அந்தப் பதற்றத்துக்கு வேலை செய்பவை.

1. பணயக்கைதிகளை எண்ணிக்கையாகப் பார்க்காதீர்கள்

“உள்ளே முப்பது பேர்” என்று போலீஸ் அதிகாரி வயர்லெஸ்ஸில் சொல்லலாம். எழுதுகிறவர் அப்படி நினைத்துவிடக் கூடாது. முப்பது பேருக்கும் முன்கதை தேவையில்லை. நாலைந்து பேருக்கு ஆளுக்கொரு தேவையைக் கொடுங்கள். மீதிப் பேருக்கும் உயிர் வந்துவிடும்.

சிட்னி லூமெட் இயக்கிய ‘டாக் டே ஆஃப்டர்நூன்’ (1975) படத்தைப் பாருங்கள். வங்கிக் காவலாளிக்கு ஆஸ்துமா. மேனேஜருக்குச் சர்க்கரை நோய். அங்கே வேலை செய்யும் பெண்களுக்கு மூத்தவரான ஒருவருக்கு வெளியேறிவிட வாய்ப்புக் கிடைக்கிறது. தன்னோடு வேலை பார்க்கும் பெண்களை விட்டுவர மனமில்லாமல் அவர் திரும்ப உள்ளே நடக்கிறார். அந்த நடைக்குப் பிறகு அவர் பெயர் நமக்கு நினைவில் இல்லாவிட்டாலும் அவரை மறக்க முடியாது.

‘டை ஹார்ட்’ (1988) பெரிய ஆக்‌ஷன் படம். அதிலும் பணயக்கைதிகளில் ஒருவரான ஹாலி, வில்லன் ஹான்ஸ் க்ரூபரின் முன்னால் போய் நின்று கேட்பது என்ன? கர்ப்பிணியான சக ஊழியர் சாய்ந்துகொள்ள வசதி, எல்லோரும் கழிப்பறைக்குப் போய்வர அனுமதி. ஹாலி எப்படிப்பட்டவர் என்பதும், அந்த அறையில் எத்தனை உடம்புகள் தவித்துக்கொண்டிருக்கின்றன என்பதும் அந்த ஒரு காட்சியிலேயே தெரிந்துவிடுகின்றன. தண்ணீர், மருந்து, தூக்கம், கழிப்பறை: இந்த வகைக் கதையில் பாத்திரங்களை உருவாக்க இவற்றைவிட நேரான வழி இல்லை.

நம் பக்கத்தில் ராதாமோகனின் ‘பயணம்’ (2011) இதைப் புரிந்துகொண்ட படம். கடத்தப்பட்டுத் திருப்பதியில் இறங்கிய விமானத்துக்குள் ஒரு சினிமா நாயகனும் அவருடைய ரசிகரும் இருக்கிறார்கள். திரையில் எல்லோரையும் காப்பாற்றுகிறவர் நிஜத் துப்பாக்கிக்கு முன்னால் என்ன செய்வார் என்று பார்க்கும்போது பயத்தின் முகம் நமக்குத் தெரிகிறது.

2. பிடித்து வைத்திருப்பவனுக்கும் ஒரு காரணம் இருக்கட்டும்

அவனை நியாயப்படுத்தச் சொல்லவில்லை. அவன் என்ன கேட்கிறான், ஏன் கேட்கிறான் என்பது பார்ப்பவருக்குத் தெளிவாகப் புரிய வேண்டும் என்கிறேன். ‘டாக் டே ஆஃப்டர்நூன்’ உண்மைச் சம்பவத்திலிருந்து வந்தது. 1972 ஆகஸ்ட் 22 அன்று நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஒரு வங்கிக் கொள்ளை முயற்சி பல மணி நேர முற்றுகையாக மாறியது. படத்தில் அல் பசினோ நடித்த சன்னிக்கு எதுவுமே சரியாக அமையவில்லை. மூன்றாவது கூட்டாளி தொடக்கத்திலேயே பயந்து கிளம்பிவிடுகிறான். வங்கியில் இருப்பது ஆயிரத்துச் சொச்சம் டாலர்தான். தான் நேசிக்கும் ஒருவரின் அறுவை சிகிச்சைச் செலவுக்காக அவன் இதில் இறங்கினான் என்பது பிறகுதான் நமக்குத் தெரியவருகிறது. அதற்குள் அவன்மீதும் நமக்குக் கவலை வந்துவிடுகிறது. துப்பாக்கிக்கு இரண்டு பக்கமும் இருப்பவர்களுக்காகப் பயப்படும்போது பதற்றம் இரட்டிப்பாகிறது.

மணிரத்னத்தின் ‘ரோஜா’வில் (1992) கடத்தல் கும்பலின் தலைவன் லியாகத்தைப் பங்கஜ் கபூர் செய்திருக்கும் விதமும் இந்தப் பாடத்தைச் சொல்லும். அவனுக்குள் ஒரு மனிதன் இருப்பதை வழிநெடுகக் காட்டியதால்தான் கடைசியில் அவன் எடுக்கும் முடிவை நம்மால் நம்ப முடிகிறது.

3. இடம் பார்ப்பவருக்கு மனப்பாடம் ஆகட்டும்

கதவு எங்கே, ஜன்னல் எங்கே, போன் எங்கே, பின்வழி உண்டா? முதல் கால் மணி நேரத்துக்குள் இது பார்ப்பவர் மனதில் பதிந்துவிட வேண்டும். பதிந்துவிட்டால், “பின்பக்கம் யாரோ வருகிறார்கள்” என்ற ஒரு வரியே போதும், திகைத்துப்போவார்.

லூமெட், தான் படம்பிடித்த புரூக்ளின் தெருவிலேயே இருந்த ஒரு கட்டடத்துக்குள் வங்கியை அமைத்தார். நடிகர்கள் உள்ளிருந்து தெருவுக்கு இயல்பாக வந்துபோக முடிந்தது. உள்ளே புழுக்கம், வெளியே கூட்டத்தின் கூச்சல். இரண்டும் ஒரே மூச்சில் நமக்குக் கிடைக்கின்றன. ‘டை ஹார்ட்’டில் கட்டி முடிக்காத தளத்தின் சுவரில் ஒரு படம் ஒட்டியிருக்கும். நாயகன் மெக்லேன் அதை மறுபடி கடக்கும்போது, அவர் எங்கே இருக்கிறார் என்று யாரும் சொல்லாமலே நமக்குத் தெரிந்துவிடுகிறது. எழுத உட்காரும் முன் உங்கள் கட்டடத்தின் வரைபடத்தைப் போடுங்கள். உங்களுக்கே வழி தெரியாத இடத்தில் பார்ப்பவர் தொலைந்துதான் போவார்.

4. கெடுவும் இழுத்தடிப்பும் மோதட்டும்

பதற்றத்தின் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஜோசப் சார்ஜென்ட்டின் ‘தி டேக்கிங் ஆஃப் பெல்ஹாம் ஒன் டூ த்ரீ’ (1974) படத்தில் நான்கு பேர் நியூயார்க் சுரங்க ரயிலின் ஒரு பெட்டியைப் பிடித்து வைக்கிறார்கள். கேட்பது பத்து லட்சம் டாலர். கெடு ஒரு மணி நேரம். தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒரு பயணி சாவார். கணக்கு இவ்வளவு எளிமையாக இருப்பதால் பார்ப்பவரும் கூடவே எண்ணத் தொடங்குகிறார். வங்கியில் நோட்டுக் கட்டுகளை எண்ணி அடுக்குவதும், பணத்தோடு போலீஸ் கார் தெருக்களில் பறப்பதும் சாதாரண வேலைகள்தான். ஆனால் ஒவ்வொன்றும் ஒரு உயிரின் நிமிடத்தைத் தின்கிறது. வழியில் கார் விபத்துக்குள்ளாகிறது. வால்டர் மத்தாவ் நடித்த அதிகாரி, பணம் வந்து சேர்ந்துவிட்டது என்று வயர்லெஸ்ஸில் பொய் சொல்கிறார். அந்தப் பொய் பலிக்குமா என்று நாம் மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம்.

நிஜ உலகில் பேச்சுவார்த்தை நடத்துகிறவர்களின் பாதை இந்தக் கெடுவுக்கு நேர் எதிரானது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் பணயக்கைதிகளை மீட்கும் முயற்சி கொடூரமாகத் தோற்றது. அந்தச் சம்பவத்தில் இஸ்ரேல் அணியைச் சேர்ந்த 11 பேர் உயிரிழந்தார்கள். அதன் பிறகு நியூயார்க் காவல்துறை பேச்சுவார்த்தைக்கென்றே தனிக் குழுவை உருவாக்கியது. உளவியலில் முனைவர் பட்டம் பெற்ற துப்பறிவாளர் ஹார்வி ஷ்லாஸ்பெர்க்கும், ஃபிராங்க் போல்ஸ் என்ற அதிகாரியும் அதன் முன்னோடிகள். இடத்தைச் சுற்றி வளை, பேசு, அவசரப்படாதே என்பதுதான் அவர்கள் வகுத்த வழி. நேரம் போகப் போக ஆத்திரம் தணியும், பசியும் அசதியும் வரும், பேசிப் பேசி ஒரு பழக்கமும் உண்டாகும். நேரம் நீண்டால் உயிர்கள் பிழைக்க வாய்ப்பு அதிகம்.

ஆக, பிடித்து வைத்திருப்பவன் நேரத்தைச் சுருக்குகிறான். வெளியே இருப்பவர் நீட்டுகிறார். கயிறு இழுக்கும் போட்டியில் கயிறு நடுவே முறுக்கேறி நிற்பது போல, பணயக்கைதிகள் இந்த இரண்டு இழுப்புக்கும் நடுவில் இருக்கிறார்கள். ஒவ்வொரு காட்சியையும் எழுதி முடித்ததும் கேளுங்கள்: இதில் நேரம் யார் பக்கம் போனது? பதில் இல்லையென்றால் அந்தக் காட்சி வேண்டாம்.

5. யாருக்கு என்ன தெரியும் என்று கணக்கு வையுங்கள்

ஹாலி, மெக்லேனின் மனைவி என்பது ஹான்ஸுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். ஹாலியின் மேசையில் குடும்பப் படம் ஒன்று கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறது. ஹான்ஸ் அந்த அறையில் இருக்கும்போதெல்லாம் நம் கண் அந்தப் படத்தின் மேலேயே இருக்கிறது. துப்பாக்கிச் சத்தமே இல்லாமல் கிடைக்கும் பயம் இது. ரகசியத்தைப் பார்ப்பவரிடமிருந்து ஒளித்து வைத்தால் ஒரு நொடி அதிர்ச்சி கிடைக்கும். அவரையும் ரகசியத்தில் கூட்டுச் சேர்த்துக்கொண்டால், அது உடையும்வரை அவர் உங்களோடு இருப்பார்.

6. சண்டை பேச்சில் நடக்கட்டும்

டோபியாஸ் லிண்ட்ஹோம் எடுத்த ‘எ ஹைஜாக்கிங்’ (2012) என்ற டென்மார்க் படத்தை அவசியம் பாருங்கள். சோமாலியக் கடற்கொள்ளையர் ஒரு சரக்குக் கப்பலைப் பிடிக்கிறார்கள். கப்பலைப் பிடிக்கும் காட்சியே படத்தில் கிடையாது. கோபன்ஹேகனில் ஒரு அலுவலக அறை, ஒரு தொலைபேசி, ஒரு நிறுவனத் தலைவர். அந்தப் பக்கம் கேட்பது ஒன்றரைக் கோடி டாலர். இந்தப் பக்கம் சொல்லும் முதல் தொகை இரண்டரை லட்சம். மனித உயிருக்குப் பேரம் நடக்கிறது. தொகையைச் சட்டென்று உயர்த்தினால் இன்னும் கேட்பார்கள். உயர்த்தாவிட்டால் கப்பலில் இருப்பவர்கள் தவிப்பார்கள். நிறுவனத் தலைவரின் வாயிலிருந்து வரும் ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் கப்பலின் சமையற்காரர் முகம் நமக்குத் தெரிகிறது. வசனம் எழுதும்போது இதை நினையுங்கள்: ஒவ்வொரு வரியும் ஒன்றைக் கொடுக்க வேண்டும், அல்லது ஒன்றைப் பறிக்க வேண்டும்.

7. பின்னால் வரப்போவதற்கான லீடை முன்கூட்டியே வையுங்கள்

‘டை ஹார்ட்’டின் தொடக்கத்தில், விமானப் பயணக் களைப்பு தீரக் காலணியைக் கழற்றிவிட்டு வெறுங்காலில் நடக்கும்படி சக பயணி ஒருவர் மெக்லேனுக்கு யோசனை சொல்கிறார். நாம் அதை மறந்துவிடுகிறோம். பிறகு கண்ணாடிச் சில்லுகள் மீது அவர் நடக்க நேரும்போது அந்த வலி நம் பாதத்தில் ஏறுகிறது. ‘டாக் டே ஆஃப்டர்நூன்’ கடைசிப் பகுதியில், காரை ஓட்டும் எஃப்.பி.ஐ. அதிகாரி, வண்டி குலுங்கினால் வெடித்துவிடும் என்று சொல்லி, சன்னியின் கூட்டாளி சாலிடம் துப்பாக்கியை மேல்நோக்கிப் பிடிக்கச் சொல்கிறார். அக்கறையாகக் கேட்ட அந்த வேண்டுகோள்தான் சாலின் உயிரைப் பறிக்கிறது. முடிவைத் தீர்க்கும் பொருள், முடிவு வரும்போதுதான் முதல்முறையாகத் தென்படக் கூடாது.

8. முதல் மரணத்தை எளிதில் செலவழிக்காதீர்கள்

பத்துப் பேரைச் சுட்டுத் தள்ளினால் பதினோராவது ஆளுக்காக யாரும் பதற மாட்டார்கள். சுட்டால் அந்த ஆள் யாரென்று நமக்குத் தெரிந்திருக்கட்டும்; பிறகு வரும் காட்சிகள் அந்த மரணத்தைச் சுமக்கட்டும்.

9. போலீஸை முட்டாளாக்காதீர்கள்

வெளியே இருப்பவர்கள் திறமைசாலிகளாக இருந்தால்தான் உள்ளே இருப்பவனின் திட்டத்துக்கு மதிப்பு. ‘டை ஹார்ட்’டில் எஃப்.பி.ஐ. விதிப்புத்தகப்படி கட்டடத்தின் மின்சாரத்தைத் துண்டிக்கிறது. பெட்டகத்தின் கடைசிப் பூட்டு திறக்க ஹான்ஸ் காத்திருந்தது அதற்காகத்தான். அவர்கள் தங்கள் வேலையை ஒழுங்காகச் செய்தார்கள். அதையே அவன் கணக்கில் வைத்திருந்தான்.

10. ரீ-ரெக்கார்டிங்கை நம்பி எழுதாதீர்கள்

‘டாக் டே ஆஃப்டர்நூன்’ தொடக்கத்தில் ஒரு பாட்டு வரும். பிறகு பின்னணி இசையே கிடையாது. டெலிபோன் மணி, ஹெலிகாப்டர், கூட்டத்தின் இரைச்சல் ஆகியவையே பயத்தைத் தருகின்றன. குஸ்டாவ் மோலரின் ‘தி கில்டி’ (2018) முழுவதும் அவசர அழைப்பு மையத்தை விட்டு வெளியே போகாது. கடத்தப்பட்ட பெண்ணின் குரலை மட்டுமே கேட்கிறோம். மீதியை நம் மனமே கட்டிக்கொள்கிறது. இசை இல்லாமலே நிற்கும்படி காட்சியை எழுதுங்கள். இசையமைப்பாளர் அதன் மேல் சேர்ப்பது அப்போதுதான் பலமாகும்.

11. விடுதலையோடு நிறுத்திவிடாதீர்கள்

பால் கிரீன்கிராஸின் ‘கேப்டன் ஃபிலிப்ஸ்’ (2013), 2009 ஏப்ரலில் நடந்த கப்பல் கடத்தலைப் பற்றியது. கேப்டன் உயிரோடு திரும்பினார் என்று உலகத்துக்கே தெரியும். ஆனாலும் படம் நம்மை இறுக்கிப் பிடிக்கிறது. கடற்கொள்ளையராக நடித்தவர்களையும் டாம் ஹாங்க்ஸையும், கொள்ளையர் கப்பலின் கட்டுப்பாட்டு அறைக்குள் பாயும் காட்சிவரை சந்திக்கவிடாமல் இயக்குநர் தனித்தனியே வைத்திருந்தார். எல்லாம் முடிந்தபின் கேப்டனை மருத்துவ அறையில் உட்காரவைத்துப் பரிசோதிக்கிறார்கள். அதுவரை தாங்கி நின்றவர் அங்கே நடுங்கி உடைகிறார். காப்பாற்றப்பட்ட பிறகும் உடம்பு பயத்திலிருந்து வெளியே வரவில்லை. உண்மையில் இதை அனுபவித்தவர்களுக்கு நாம் செய்ய வேண்டிய மரியாதை இது. வெடித்து முடிந்ததும் கைகுலுக்கிப் பெயர்ப்பட்டியல் போட்டுவிடாதீர்கள். உள்ளிருந்து வெளியே வந்தவர் என்ன ஆனார் என்று ஒரு நிமிடமாவது காட்டுங்கள்.

இனி ஒரு பயிற்சி. மேலே சொன்ன படங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். முதல்முறை வெறும் ரசிகராகப் பாருங்கள். இரண்டாம் முறை சத்தத்தை அணைத்துவிட்டு, இடத்தின் வரைபடத்தைப் போட்டபடி பாருங்கள். மூன்றாம் முறை, யாருக்கு எப்போது என்ன தெரிந்தது என்று காட்சி காட்சியாக எழுதுங்கள். பிறகு உங்கள் கதைக்கு வாருங்கள். துப்பாக்கி வைத்திருப்பவனை ஓரமாக வைத்துவிட்டு, அன்று காலை அந்த வங்கிக்கோ பேருந்துக்கோ கிளம்பிய ஐந்து பேரை எழுதுங்கள்: எதற்காகக் கிளம்பினார்கள், யாரிடம் என்ன சொல்லிவிட்டு வந்தார்கள், மாலையில் யார் அவர்களுக்காகக் காத்திருப்பார்கள். அந்த ஐந்து பேரில் யார் செத்தாலும் எழுதும் உங்களுக்கே தாங்காது என்ற நிலை வந்த பிறகு கதவைப் பூட்டுங்கள்.