கிளவுட் சான்றிதழா, கையில் ஒரு சர்வரா?

தேர்வு முடிவு வந்ததும் காரைக்காலில் பல வீடுகளில் ஒரே பேச்சு: "கிளவுட் கோர்ஸ் சேர்ந்தாச்சா?" பாரிசிலிருந்து பெரியப்பாவோ துபாயிலிருந்து மாமாவோ ஃபோனில் சொன்ன ஒரு சொல்லுக்காக அப்பா நகையை அடகு வைத்துப் பணம் கட்டிவிடுகிறார். நெடுங்காட்டில் பொறியியலோ வரிச்சிக்குடியில் பாலிடெக்னிக்கோ முடித்து வந்த பிள்ளையிடம், இதில் உனக்கு நாட்டம் உண்டா என்று யாரும் கேட்பதில்லை. பார்க்கப் பொறுக்காமல்தான் இதை எழுதுகிறேன்.

சர்வர், நெட்வொர்க் சார்ந்த வேலைக்கு நெட்வொர்க்கிங், லினக்ஸ், விர்ச்சுவலைசேஷன், கிளவுட் என நான்கு வழிகள். முதல் இரண்டுக்கும் நீண்ட விளக்கம் வேண்டாம், தைரியமாகப் படிக்கலாம். லினக்ஸுக்கான ரெட் ஹாட்டின் ஆர்ஹெச்சிஎஸ்ஏ தேர்வில் விடையை டிக் அடிக்கும் வேலையே கிடையாது. மெஷினைக் கொடுத்துச் செய்து காட்டச் சொல்வார்கள்.

கிளவுட் சான்றிதழில்தான் பிள்ளைகள் ஏமாறுகிறார்கள். அமேசானின் 'சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட்' தேர்வுக்குக் கட்டணம் 150 டாலர். 130 நிமிடத்தில் 65 கேள்விகள். ஆயிரத்துக்கு 720 எடுத்தால் தேர்ச்சி. சான்றிதழ் 3 ஆண்டுதான் செல்லும். ஓராண்டாவது கைப்பழக்கம் உள்ளவர்களை மனத்தில் வைத்து அமைத்த தேர்வு அது. அதை நம் பிள்ளைகள் டம்ப்ஸை, அதாவது கசிந்த கேள்வி-விடைத் தொகுப்பை, உருப்போட்டுத் தேறிவிடுகிறார்கள். வேலையில் சேர்ந்த பிறகுதான் சிக்கல்.

எனக்குத் தெரிந்த ஓர் அலுவலகத்தில் ஒரே சர்வரில் ஆறு விர்ச்சுவல் மெஷின்கள். கணக்குப் பிரிவின் மெஷின் காலை நேரத்தில் இழுத்தது. புதிதாகச் சான்றிதழ் வாங்கி வந்த தம்பி அதற்கு 2 சிபியுவை 8 ஆக்கினார். வேகத்தில் மாற்றமே இல்லை. கிளவுடில் பெரிய அளவுக்கு மாறினால் வாடகை கூடும், பல நேரம் பிரச்சினையும் தீரும். சொந்த சர்வரில் இருக்கிற கோர்களைத்தான் எல்லா மெஷினும் பங்கு போட வேண்டும். லினக்ஸ் மெஷினுக்குள் 'டாப்' கட்டளை போட்டால் 'எஸ்டி' என்ற எண் அந்தக் கோருக்காகக் காத்த நேரத்தைச் சொல்லும். 'டபிள்யூஏ' என்பது டிஸ்க்குக்காகக் காத்த நேரம். அன்று எகிறியிருந்தது டபிள்யூஏ. தேடிப் பார்த்தால், மாதக்கணக்கில் நீக்காமல் விட்ட ஸ்னாப்ஷாட் (மெஷினின் பழைய நிலையின் பதிவு) ஒன்று. விடிந்தும் முடியாத பேக்கப் ஒன்று. ஆறு மெஷினும் அதே டிஸ்க்கில். நிமிடத்துக்கு 7200 தடவை சுழலும் டிஸ்க் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி நொடி எடுக்கும். கேட்ட இடம் ஹெட்டுக்கு நேராக வரச் சராசரியாக அதில் பாதி. ஹெட் நகரும் நேரத்தையும் சேர்த்தால், அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கேட்கும்போது நொடிக்கு நூறு தடவை படிப்பதே பெரிய காரியம். இதற்கு எட்டு சிபியு என்ன செய்யும்?

அதனால் என் ஓட்டு விர்ச்சுவலைசேஷனுக்கு. அதிலும் கேவிஎம் படியுங்கள். 2007 முதல் லினக்ஸ் கெர்னலிலேயே இருக்கிறது; விர்ச்சுவல் மெஷின்களை நிர்வகிக்கும் ப்ராக்ஸ்மாக்ஸ் அதன்மேல்தான் ஓடுகிறது, காசில்லாமல் கிடைக்கிறது. 2023 நவம்பரில் பிராட்காம், விர்ச்சுவலைசேஷன் மென்பொருள் நிறுவனமான விஎம்வேரை வாங்கியதும் நிரந்தர உரிமம் விற்பதை நிறுத்தியது. அதன்பின் பல நிறுவனங்கள் மாற்று தேடுகின்றன. இந்த அடித்தளத்தோடு கிளவுடுக்குப் போகிறவரை நான் தடுக்க மாட்டேன்.

பெற்றோரே, ஆறு மாதம் பொறுங்கள். பக்கத்து வீட்டுப் பையனின் சம்பளத்தை உங்கள் பிள்ளைக்கு அளவுகோலாக்காதீர்கள். பொறுமையாக ஒன்றைத் துருவுகிற குணம் எந்தக் கோர்ஸிலும் விலைக்குக் கிடைக்காது.

அந்தக் குணம் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். 16 ஜிபி ரேம் உள்ள பழைய டெஸ்க்டாப், அதில் ஒரு ஹார்ட் டிஸ்க். பயாஸில் விர்ச்சுவலைசேஷனை ஆன் செய்து ப்ராக்ஸ்மாக்ஸ் போட்டு, மூன்று லினக்ஸ் மெஷின்களை ஏற்றுங்கள். இரண்டில் 'எஃப்ஐஓ' என்ற டிஸ்க் சோதனைக் கருவி கொண்டு டிஸ்க்கைப் படுத்தி எடுங்கள். மூன்றாவதில் ஒரு ஃபைலைக் காப்பி செய்தபடி 'டாப்' பாருங்கள். சிபியு சும்மா கிடக்க, டபிள்யூஏ ஏறும். ஏன் என்று சாப்பாட்டை மறந்து தோண்டத் தோன்றினால் இந்தத் துறைக்கு வாருங்கள். அலுப்புத் தட்டினால் அப்பாவிடம் அதை அப்படியே சொல்லிவிட்டு, உங்களுக்குப் பிடித்ததைப் படியுங்கள்.